வீட்டில் நகையையும் பணத்தையும் ஒளித்து வைப்பது எப்படி: வரிசைப்படி ஒரு முழு வழிகாட்டி

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் நகைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கே வைக்கலாம்" என்று அறை அறையாகச் சுற்றுவதில்தான் பெரும்பாலான தவறுகள் ஆரம்பிக்கின்றன. அந்த அவசரத்தில் அகப்படும் இடம் அரிசி டப்பா, தலையணை உறை, புடவை மடிப்பு, பூஜை அறை இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். திருட வருகிறவனும் முதலில் அங்கேதான் கை வைக்கிறான்.

இடம் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் எவ்வளவு நல்ல இடமும் பயன்படாது. கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே, விருந்தினரோ வேலைக்காரரோ இல்லாத ஒரு மதிய நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை: கிராமில் எடை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, கேமரா உள்ள கைபேசி, அளவுகோல், டார்ச், ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர்கள், பழைய பருத்தி வேட்டித் துணி, காற்றுப் புகாத மூடியுள்ள தட்டையான டப்பா இரண்டு.

1. முதலில் அளவைக் குறையுங்கள்

வீட்டில் இருக்கும் நகை முழுவதையும் மெத்தை மேல் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள். தினமும் போடுவது ஒன்று. மாதம் ஒரு முறை கோயிலுக்கோ விசேஷத்துக்கோ போடுவது இரண்டாவது. கல்யாணம், வளைகாப்பு என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் எடுப்பது மூன்றாவது.

மூன்றாவது குவியல் வீட்டில் இருக்கவே கூடாது. அது வங்கி லாக்கருக்குப் போகட்டும். வீட்டில் ஒளித்து வைப்பது லாக்கருக்கு மாற்று ஆகாது. லாக்கரில் வைத்தது போக மீதிக்கு மட்டும்தான் இந்த வழி.

லாக்கரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. தீ, திருட்டு, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு வந்தால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே எத்தனை பவுன் இருந்தாலும் கணக்கு இதுதான். ரொக்கம் வைக்கவும் லாக்கர் ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. ஆகவே நகைக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பதையும் யோசியுங்கள். நாமினி பெயரையும் அன்றே பதிந்துவிடுங்கள்.

ரொக்கத்துக்கும் இதே கணக்குதான். அவசரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வங்கியில் போடுங்கள். ரொக்கத்துக்குத் திருடன் மட்டும் எதிரி இல்லை, கரையானும் ஈரமும்கூட எதிரிதான். 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகள் அரித்துப் போனால், மிஞ்சிய ஒரே துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் முழுத் தொகை கிடைக்கும். 40 முதல் 80 வரை இருந்தால் பாதி. அதற்கும் கீழே போனால் ஒன்றும் இல்லை.

2. எடை, படம், பில்: ஒளிப்பதற்கு முன்

ஒவ்வொரு நகையையும் தனித்தனியாக எடை போட்டுக் கிராமில் எழுதுங்கள். "அஞ்சு பவுன் செயின்" என்று எழுதினால் போதாது. ஒரு பவுன் 8 கிராம். தேய்மானம் போக அந்தச் செயின் 38.6 கிராம் இருக்கலாம். காவல் நிலையத்தில் மீட்ட நகைகளுக்கு நடுவே உங்களுடையதை இனம் காட்ட இந்தத் துல்லியம்தான் உதவும்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோலை வையுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கொக்கியும் முத்திரையும் தெரிய மிக அருகில் ஒன்று. ஒடுங்கிய இடம், மாற்றிய திருகு, பற்றவைத்த வளையம் இவற்றைத் தவறாமல் எடுங்கள். ஒரே அச்சில் வார்த்த நூறு வளையல்களில் உங்கள் வளையலைத் தனித்துக் காட்டுவது அந்தக் குறைதான்.

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் தங்க நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. எண் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். பட்டியலும் படங்களும் பில்களும் கைபேசியில் மட்டும் இருந்தால் போதாது. கைபேசியும் திருடு போகும். மின்னஞ்சலிலோ, வேறு ஊரில் இருக்கும் உடன்பிறந்தவரிடமோ ஒரு பிரதி இருக்கட்டும்.

3. திருடனின் கண்ணோடு வீட்டை நடந்து பாருங்கள்

வாசலுக்குப் போய், வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவராக உள்ளே வாருங்கள். கையில் ஒரு கடப்பாறை, நேரமோ கொஞ்சம்தான், சத்தம் போடவும் முடியாது. எங்கே போவீர்கள்?

நேராகப் படுக்கையறை. பீரோவின் மேல்தளத்தில் கையை விட்டுச் சாவியைத் தடவுவது, அடுத்து புடவை அடுக்கு, பீரோவின் உள் லாக்கர், மெத்தையின் அடி, தலையணை உறை, பெட்டி வைத்த கட்டில். பிறகு பரண் மேல் சூட்கேஸ். பிறகு பூஜை அறை: உண்டியல், சாமி படத்தின் பின்பக்கம், வெள்ளி விளக்கு. கடைசியாக அடுக்களையில் அரிசி, பருப்பு, புளி டப்பாக்களும் ஃப்ரீசரும். நம் வீடுகள் எல்லாமே ஏறத்தாழ இந்த வரைபடத்தில்தான் இருக்கின்றன, அது அவனுக்கும் தெரியும்.

இந்தப் பாதையில் இருக்கும் எல்லா இடத்தையும் கழித்துவிடுங்கள். எவ்வளவு ஆழத்தில் வைத்தாலும் பயனில்லை. டப்பாவை அவன் கிளற மாட்டான், தரையில் கொட்டிவிடுவான். அதனால் "அரிசிக்கு அடியில், ஒரு முழ ஆழத்தில்" என்பது பாதுகாப்பே இல்லை.

சாவியையும் இப்போதே கவனியுங்கள். மிதியடி, பூந்தொட்டி, செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி: வாசல் சாவி இந்த நான்கில் ஒன்றில் இருந்தால் மேற்கொண்டு எதையும் ஒளித்துப் பிரயோஜனம் இல்லை. இன்றே அதை எடுத்துப் பக்கத்து வீட்டு நம்பிக்கையான அக்காவிடம் கொடுங்கள்.

4. இடத்தைத் தேர்ந்தெடுப்பது

மீதியுள்ள ஒவ்வொரு இடத்தையும் ஐந்து கேள்விகளில் போட்டுப் பாருங்கள்.

திறந்தவுடன் கண்ணில் படுமா? வீட்டாரைத் தவிர வேறு யாராவது அதைத் திறப்பார்களா (வேலைக்கு வருகிற அம்மா, பிளம்பர், ஏ.சி. சர்வீஸ் செய்பவர், பூச்சிமருந்து அடிக்க வருபவர்)? அந்தப் பொருளையே தூக்கிக்கொண்டு போவார்களா? யாராவது அதைத் தூக்கி எறிவார்களா? தண்ணீர், சூடு, எறும்பு, எலி வருமா?

மூன்றாவது கேள்வியில் நிறையப் பேர் தோற்கிறார்கள். பரண் மேல் இருக்கும் பித்தளை அண்டாவுக்குள் நகை வைப்பது வழக்கம். பித்தளை, செம்புப் பாத்திரங்களே திருடு போகும் பொருட்கள். லேப்டாப் பையும் சூட்கேஸும் அப்படித்தான், திருடியதைக் கட்டிக்கொண்டு போகவே அவை வேண்டும்.

நான்காவது கேள்வி அதைவிட முக்கியம். பழைய மெத்தை, கரித்துணி மூட்டை, கிழிந்த பாடப்புத்தகக் கட்டு, பழைய கைப்பை: திருடன் இவற்றைத் தொட மாட்டான் என்பது சரிதான். ஆனால் போகிக்கு முதல் நாள் யாரோ ஒருவர் வாசலில் போட்டுவிடுவார். பழைய பேப்பர்காரர் வருவார், தீபாவளிக்கு வெள்ளையடிக்க ஆள் வருவார். குப்பையோடு போன நகையைத் தூய்மைப் பணியாளர்கள் தேடி எடுத்துத் திருப்பித் தந்த செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவர்களுடைய நேர்மையை நம்பி நாம் இடம் தேர்வு செய்யக் கூடாது. வருஷத்தில் ஒருநாள்கூட "வேண்டாத சாமான்" என்று யாரும் நினைக்காத பொருள்தான் வேண்டும்.

ஐந்திலும் பெரும்பாலும் தேறுவது மாடுலர் கிச்சனின் அடிப்பகுதி. கீழ் அலமாரிகள் சுமார் 10 சென்டிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் கால்களில் நிற்கும். முன்னால் தெரியும் பட்டையை ஸ்கர்ட்டிங் என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அது கிளிப்பில்தான் மாட்டியிருக்கும், இரண்டு கையாலும் சமமாக இழுத்தால் கழன்று வரும். ஸ்க்ரூ போட்டோ சிலிக்கான் அடைத்தோ இருந்தால் வலுவாக இழுக்காதீர்கள், பட்டை உடைந்து இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிங்க்கிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் தள்ளி இருக்கும் முனையைத் தேர்ந்தெடுங்கள். சிங்க் குழாய் ஒழுகினால் தண்ணீர் முதலில் அங்கேதான் ஓடி வரும். தரையைத் துடைத்து, இரண்டு டைல் துண்டுகளைப் போட்டு அதன்மேல் டப்பாவை வையுங்கள். டப்பாவின் உயரம் 7 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதை ஒரு முழ தூரத்துக்கு மேல் உள்ளே, சுவரை ஒட்டித் தள்ளுங்கள். பட்டை தற்செயலாகக் கழன்றாலும் வாய்ப்பகுதியில் ஒன்றும் தெரியக் கூடாது. திரும்ப இழுக்க டப்பாவில் ஒரு நைலான் கயிறு கட்டி, அதன் நுனியைப் பக்கத்துக் காலின் பின்னால் மறைத்து விடுங்கள்.

பட்டையை மாட்டிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. அடுக்களைப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும், கைபட்ட இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தை மட்டும் துடைத்தால் இன்னும் மோசம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுப் பட்டையையும் ஒரே மாதிரி துடைத்து விடுங்கள். பூச்சிமருந்து அடிப்பவர்கள் இந்தப் பட்டையைக் கழற்றித்தான் வேலையைத் தொடங்குவார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாளே டப்பாவை எடுத்துவிட வேண்டும்.

மாடுலர் கிச்சன் இல்லாத வீட்டில் இன்னொரு வழி, வயர் இல்லாத வெற்றுச் சுவிட்ச் பெட்டி. மின்சாதனக் கடையில் சுவரில் பதிக்கும் மெட்டல் பெட்டியும் அதற்கான மூடு தட்டும் கிடைக்கும். மற்ற பிளக் பாயிண்டுகள் இருக்கும் அதே உயரத்தில், அதே கம்பெனித் தட்டாக, மேசைக்குப் பின்னால் பதிக்கச் சொல்லுங்கள். மின்குழாய் எதுவும் அதற்குள் வரக் கூடாது, சுவருக்குள் அந்த இடத்தில் வயர் ஓடவும் கூடாது. பெட்டியின் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். செயின், மோதிரம், தோடு கொள்ளும், வளையல் கொள்ளாது. பதித்த ஆளுக்கு இடம் தெரியும் என்பது இதன் குறை. "பின்னால் பாயிண்ட் போடப் போகிறோம்" என்று சொல்லிப் பதித்து, சில மாதம் காலியாகவே விட்டுவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

எத்தனை இடம்? இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரே இடம் என்றால் ஒன்று போனால் எல்லாம் போகும். ஐந்தாறு என்றால் உங்களுக்கே மறந்துபோகும்.

5. தொடவே கூடாத இடங்கள்

மின்சாரம் ஓடும் சுவிட்ச் போர்டுக்குள் நகை வைப்பது உயிருக்கே ஆபத்து. தங்கமும் வெள்ளியும் மின்சாரம் கடத்துவதில் முதல் வரிசையில் நிற்பவை. இன்வர்ட்டர் பேட்டரிப் பெட்டியில் அமிலம் இருக்கிறது. ஏ.சி., வாஷிங் மெஷின், ஃப்ளஷ் டேங்க் மூன்றையும் சர்வீஸ் செய்ய வெளியாள் திறப்பார்.

மைக்ரோவேவ், ஓவன் வேண்டவே வேண்டாம். யாராவது மறந்து போட்டுவிடுவார்கள். தோட்டத்தில் புதைப்பதும் வேண்டாம். ஒரு மழைக்காலம் போனால் அடையாளம் அழிந்துவிடும், புதுமண் தோண்டிய தடமும் வெளியே தெரியும்.

பிளீச்சிங் பவுடர் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். குளோரின் 22 காரட் நகையில் கலந்த செம்பையும் வெள்ளியையும் தாக்கும், பற்றவைத்த இடங்கள் பலவீனமாகும். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் கிடக்கும் மருந்துப் பெட்டியும் ஆகாது. அது உடைந்தால் பாதரசம் தங்கத்தோடு கலந்து வெள்ளையாகப் படிந்துவிடும், வீட்டில் அதை எடுக்க முடியாது.

6. பொதியும் முறை

வெல்வெட் பெட்டி இடத்தை அடைக்கும், ஆட்டினால் சத்தமும் கேட்கும். அதைக் காலியாக பீரோவிலேயே விடுங்கள். எட்டாவது படியில் அது பயன்படும்.

ஒவ்வொரு நகையையும் பருத்தித் துணியில் தனியாகச் சுற்றி, ஜிப் கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். செயினின் கொக்கியை மாட்டிய பிறகே சுற்றவும், இல்லாவிட்டால் சிக்கு விழும். ரப்பர் பேண்ட் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், சில மாதத்தில் உருகி ஒட்டவும் செய்யும்.

முத்து மாலைக்கு இந்த முறை ஒத்துவராது. காற்றே இல்லாத கவரில் மாதக்கணக்கில் கிடந்தால் முத்து வறண்டு பொலிவிழக்கும், சிலிக்கா ஜெல் பொட்டலம் அதை இன்னும் வேகப்படுத்தும். அதைத் துணியில் மட்டும் சுற்றி வையுங்கள். கெம்புக் கல் பதித்த அட்டிகை, பழைய கோயில் நகை இவற்றில் கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும். அடுப்பு, சிம்னி, வெயில் படும் சுவர் இவற்றின் அருகே வைத்தால் அரக்கு இளகிக் கல் பெயர்ந்துவிடும்.

பத்திரங்களை நகையோடு சேர்த்து வைக்காதீர்கள். நகை கிடைத்த அவசரத்தில் மொத்தக் கட்டையும் எடுத்துப் போய்விடுவார்கள். திருடனுக்கு உதவாத அந்தக் காகிதத்துக்காக நீங்கள் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

7. சிறிய இரும்புப் பெட்டகம் வாங்கினால்

பத்து, பன்னிரண்டு கிலோ எடையுள்ள எண் பூட்டுப் பெட்டகத்தை அப்படியே அலமாரியில் வைத்தால், நகைகளை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டுத் திருடன் கையில் கொடுத்த மாதிரிதான். உள்ளே அடியிலும் பின்பக்கமும் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே ஆங்கர் போல்ட் போட்டுக் கான்கிரீட் தளத்திலோ செங்கல் சுவரிலோ இறுக்க வேண்டும். பிளைவுட் பலகையில் ஸ்க்ரூ போடுவது கணக்கில் வராது. சுவர் எடை குறைந்த வெள்ளைக் கல்லால் கட்டியது என்றால் சாதாரண ஆங்கர் பிடிக்காது, தரையில் போடுங்கள். வாடகை வீடாக இருந்தால் துளை போடுமுன் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள்.

கம்பெனியிலிருந்து வரும்போதே ஒரு பொது எண் போட்டு வரும், வாங்கிய அன்றே மாற்றுங்கள். கூட வரும் அவசரச் சாவியைப் பெட்டகத்துக்குள் வைத்துவிட்டு, பேட்டரி தீர்ந்த பிறகு திண்டாடுபவர்கள் நிறைய. அந்தச் சாவி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பேட்டரியை வருஷம் ஒரு முறை, ஆயுத பூஜை அன்று என்று வைத்துக்கொண்டு மாற்றினால் மறக்காது.

8. கண்ணில் படும்படி கொஞ்சம் வையுங்கள்

ஒன்றும் கிடைக்காத திருடன் இன்னும் தேடுவான், வீட்டையும் நாசம் பண்ணுவான். பீரோவின் உள் லாக்கரில் அந்த வெல்வெட் பெட்டியில் இரண்டு கவரிங் செயினும் நான்கு வளையலும், ஒரு பர்சில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயும் வையுங்கள். "கிடைத்தது" என்று அவன் கிளம்ப ஒரு காரணம் வேண்டும்.

பீரோவைப் பூட்டலாமா? நகையே இல்லாத பீரோவைப் பூட்டினால் கதவை நெம்பி வளைத்துவிடுவான், பீரோ வீணாகும். வெளிக்கதவைச் சாத்தி மட்டும் வைத்து, உள் லாக்கரைப் பூட்டிச் சாவியைப் புடவை அடுக்கில் வைப்பதே மேல். வாசல் கதவைப் பற்றி மட்டும் இப்படி நினைக்காதீர்கள். உடைத்து நுழைந்த தடயம் இருந்தால்தான் பெரும்பாலான வீட்டுத் திருட்டுக் காப்பீடுகள் பணம் தரும்.

9. யாருக்குத் தெரிய வேண்டும்

உங்களைத் தவிர இன்னும் ஒரு பெரியவருக்கு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவருக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் நகை வீட்டுக்குள்ளேயே தொலையும். மூன்று பேருக்கு மேல் தெரிந்தால் அது ரகசியம் இல்லை.

சொல்வதோடு நிறுத்தாமல் நேரில் காட்டுங்கள், அவர் கையாலேயே ஒரு முறை எடுத்து வைக்கச் செய்யுங்கள். சிறு குழந்தைகளுக்குத் தெரிய வேண்டாம். அவர்கள் பள்ளி வேனில் சொல்லிவிடுவார்கள், அது அவர்கள் தப்பில்லை. மறதி வரத் தொடங்கிய தாத்தா, பாட்டியின் நகைக்கு அவர்கள் மட்டுமே காவலாக இருக்கக் கூடாது. இடம் மாற்றி வைத்துவிட்டு, காணோம் என்று வேலைக்கு வருகிற அம்மாவைச் சந்தேகப்படும் நிலை வரும். அந்தப் பழி ஒருவருடைய பிழைப்பையே கெடுத்துவிடும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து எண்ணிப் பாருங்கள், தேதியையும் பட்டியலில் குறியுங்கள். எடுத்த நகையைத் திரும்ப வைக்கும்போது வேறு இடத்தில் "இப்போதைக்கு" என்று வைக்காதீர்கள். வீட்டில் தொலையும் நகைகள் அந்த "இப்போதைக்கு" இடத்தில்தான் தொலைகின்றன.

10. ஊருக்குக் கிளம்பும் நாள்

வாசலில் தொங்கும் பெரிய பூட்டு "ஆள் இல்லை" என்று தெருவுக்கே சொல்லும். கதவோடு பதித்த பூட்டாக இருந்தால் வெளியே தெரியாது. அதைவிடத் தெளிவாகச் சொல்வது கோலம் இல்லாத வாசல். பால், பேப்பர் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கோலத்தை மறந்துவிடுவோம். பக்கத்து வீட்டில் சொல்லி, நாள்தோறும் தண்ணீர் தெளித்து இரண்டு கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முகவரியும் தேதியும் சொல்லிவிட்டுப் போனால் ரோந்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடுங்கள்.

11. திருடு போய்விட்டால்

கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள், ஆள் இன்னும் இருக்கலாம். வெளியிலிருந்தே 100 அல்லது 112-ஐ அழையுங்கள். கைரேகை எடுத்து முடியும் வரை பீரோவைத் தொடாதீர்கள், இறைந்து கிடப்பதை அடுக்காதீர்கள்.

போலீசார் இருக்கும்போது, தெருவே கூடி நிற்கும்போது, ஒளித்த இடத்தைத் திறந்து "இது தப்பித்தது" என்று காட்ட வேண்டாம். கூட்டம் கலைந்த பிறகு பாருங்கள். புகாரில் அதற்குள் "மொத்தம் நாற்பது பவுன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு திருத்துவது சிக்கல். "பட்டியல் சரிபார்த்து விவரம் தருகிறோம்" என்று எழுதிக் கொடுத்து, பட்டியலோடு ஒப்பிட்ட பின் கிராம் கணக்கில் தாருங்கள்.

புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பி வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. காப்பீட்டுக்கும், பின்னால் மீட்ட நகையை நீதிமன்றத்தில் கேட்டு வாங்கவும் அந்த நகலும், இரண்டாவது படியில் எடுத்த படங்களும் பில்லும் வேண்டும்.